ஆண்களுக்கு வீடில்லாத ஊர்

9 ஜனவரி 1979, செவ்வாய்

இல்லை, முதலாளி பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கல்.

கச்சிமுகம்மது முதலாளிக்கு நெல் ஆலை இருக்கிறது. இருப்பது மாடி வீட்டில். நவம்பர்ச் சூறாவளி கல்முனையில் பாதியைத் தூக்கிக் கடலில் போட்டபோதும் அவருடைய கூரையில் சில ஓடுகள்தான் போயின. அந்த மாடி வீட்டு வாசலில் நின்று அபுல் ஹஸன் கேட்டிருக்கிறார்: "உங்களுக்குச் சொந்தத்தில ஊடு ஈக்கா?"

முதலாளி யோசித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார். "எனக்கெங்க தம்பி ஊடு. இது பொஞ்சாதிட ஊடு. நான் இஞ்ச இரிக்கன், அவ்வளவுதான்."

அபுல் ஹஸன் எங்கள் புயல் வீடமைப்புக் கந்தோருக்கு மாத்தளையிலிருந்து வந்த அதிகாரி. இளைஞர். இந்த வெயிலிலும் கழுத்தில் டை. வீடில்லாதவர்களைக் கண்டுபிடித்து வீடு கொடுப்பது அவர் வேலை. அவருக்கு ஊரை விளங்கப்படுத்துவது என் வேலை. பேராதனையில் சமூகவியல் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு இங்கே வேறு என்ன வேலை இருக்கிறது?

நேற்று நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அவர் தனியாகப் போய், கண்ட ஆண்களையெல்லாம் மறித்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். எல்லோரிடமும் அதே பதில்.

இன்று காலை என் மேசைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மிஸ், இந்த ஊர்ல ஒரு ஆம்பிளைக்கும் சொந்த ஊடு இல்ல. சூறாவளிக்கு முந்தியும் இருந்தில்ல. இவ்வளவு காலமும் எங்கதான் ஈந்தாங்க?"

சிரிக்கக் கூடாது. மேசைக்குக் கீழே குனிந்து பேனையைத் தேடினேன். வெகுநேரம் தேடினேன்.

10 ஜனவரி

விளங்கப்படுத்தினேன். இங்கே வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், சீதனமாக. மாப்பிள்ளை கலியாணத்தன்று ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார்.

"அப்ப ஆம்பிளைகள் விருந்தாளிகளா?"

"ஓம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"மவுத்து வரைக்கும்."

முதல் தடவையாக டையைத் தளர்த்தினார்.

12 ஜனவரி, வெள்ளி

ஆகவே பெண்களைக் கேட்கப் போனோம். முதலில் றாபியா. அப்பம் சுட்டு விற்பவள். அவளுடைய வீட்டில் அடுப்பு இருக்கும் குசினி மட்டும் மிச்சம். மற்ற இடத்தில் வானம்.

"இது உங்கட ஊடுதானே ராத்தா?" என்றேன்.

"என்டயா? இல்லகா. மகளுக்குக் குடுத்தாச்சி."

"மகள் எங்க?"

மகள் கொய்யா மரத்தில் இருந்தாள். ஜெமீலா. இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் இல்லை.

அபுல் ஹஸன் மரத்தடிக்குப் போனார். அண்ணாந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஊட்டுச் சொந்தக்காரி நீங்களா?"

"ஓம்."

"ஊட்டுக்கு என்ன நடந்த?"

"பறந்திட்டு."

"முழுசாவா?"

ஜெமீலா யோசித்தாள். "கிணறு பறக்கல்ல."

அதையும் குறித்துக்கொண்டார். திரும்பி நடக்கும்போது தாழ்ந்த குரலில் கேட்டார்: "வீட்டுக்காரி கையொப்பம் வைப்பாவா?"

"'ஜெ' எழுதுவா. 'மீ' இன்னும் வரல்ல."

இதுவரை போன வீடுகளில் சொந்தக்காரிகள் அநேகம் பேர் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தொட்டிலில்.

13 ஜனவரி

தொட்டிலில் இருக்கும் சொந்தக்காரியை எழுதிச் சிரித்தேன். எனக்கும் அப்படி ஒரு வீடு இருக்கிறதே.

பேராதனையில் சீதனத்துக்கு எதிராக விவாதத்தில் பேசினேன். பெண்ணின் விலை, ஆணின் விலை, சந்தை — கைதட்டினார்கள். விடுமுறைக்கு ஊர் வந்தால் உம்மா ஒரு அத்திவாரத்தைக் காட்டினார். "உனக்குத்தான்." நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? செங்கல் நன்றாக இருந்தது.

கொள்கை ஒரு கட்டு. வீட்டு உறுதிப் பத்திரம் ஒரு கட்டு. இரண்டும் ஒரே அலுமாரியில்.

சூறாவளி கூரையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது நான்கு சுவர்கள். "உன்ட மாப்பிள நட்சத்திரம் எண்ணிக்கிட்டுத்தான் படுக்கணும்" என்கிறார் உம்மா. மாப்பிள்ளை என்று ஒருவர் இன்னும் இல்லை. சுவர்களுக்கு அது தெரியாது. நிற்கின்றன.

17 ஜனவரி, புதன்

பாடசாலை திறந்துவிட்டது. சூறாவளிக்குப் பிறகு அங்கே தங்கியிருந்தவர்கள் சொந்தக்காரர்களிடம் போய் ஒண்டிவிட்டார்கள். மூன்றாம் வகுப்பறையில் மட்டும் ஸாலிஹா. ஒண்டச் சொந்தம் இல்லை.

கரவலை இழுத்த மீனவன் ஒருவனின் விதவை. நான்கு ஆண் பிள்ளைகள். மூத்தவன் காலிதீனுக்கு மீசை அரும்புகிறது, மற்றவர்களுக்குப் பசி மட்டும். வீடு கடற்கரை ஓரத்தில் இருந்தது. வளவையே கடல் கொண்டுபோய்விட்டது. "இஞ்சதான் இருந்த" என்று அவள் காட்டிய இடத்தில் அலை அடிக்கிறது.

மூன்றாம் வகுப்புக்குப் புண்ணியமூர்த்தி மாஸ்டர். பாண்டிருப்பிலிருந்து வருகிறவர். யாரையும் கடிந்து பேசத் தெரியாது. ஸாலிஹாவிடம் இடம் கேட்டிருக்கிறார். அவள் பெரிய மனதோடு பாதி கொடுத்திருக்கிறாள். நடுவில் ஒரு சேலை. இந்தப் பக்கம் பாடம். அந்தப் பக்கம் பொரித்த மீன். அவளுடைய கோழி மாஸ்டரின் மேசை லாச்சியில் முட்டையிடுகிறது. மாஸ்டர் முட்டையைச் சேலைக்கு மேலால் நீட்டுவார். ஒரு கை வாங்கும். பாடம் தொடரும்.

நான் போனபோது வாய்ப்பாடு நடந்தது.

"ஏழெட்டு எத்தின?"

அமைதி.

சேலைக்குப் பின்னாலிருந்து: "அம்பத்தாறு."

"அம்மா, புள்ளைகளச் சொல்ல விடுங்க."

"அதுகளுக்குத் தெரியல்லயே மாஸ்டர்."

பிறகு என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வரும் முதலாம் திகதி கல்வி அதிகாரி பார்க்க வருகிறாராம். அதற்குப் பிறகு வகுப்பறை முழுவதும் வேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டாராம்.

"மிஸ், எனக்கு ஊடு கெடைக்குமா?"

"கெடைக்கும்" என்றேன். யோசிக்காமல். இவளுக்கு இல்லாவிட்டால் யாருக்கு?

19 ஜனவரி, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு வீடமைப்புக் குழு கூடியது. தலைவர் கச்சிமுகம்மது முதலாளி. கட்டப்போகும் வீடுகள் கொஞ்சம், கேட்பவர்கள் ஊர் முழுக்க. யாருக்கு என்று குழுதான் முடிவு செய்யும்.

நான் எழுந்து சொன்னேன்: "சொந்த வீடு உண்டா?" என்ற கேள்வி இந்த ஊருக்குப் பொருந்தாது. "அழிந்தது எந்த மகளின் வீடு?" என்று கேட்போம்.

குழு பூரித்துப்போனது. "இதுதான் எங்கட ஊர்க் கேள்வி" என்றார் முதலாளி. எனக்கு மட்டும் சோடா வந்தது. அபுல் ஹஸன் "கலாசாரப் பொருத்தம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், புது மிட்டாய் கிடைத்தவர் போல.

தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன். கிடுகுத் தாழ்வாரத்தில் நெற்றி இடித்தது.

20 ஜனவரி

வீக்கம். ஆனாலும் மகிழ்ச்சி.

23 ஜனவரி, செவ்வாய்

என் கேள்வி ஊருக்குள் போய்ப் பதில்களோடு வந்திருக்கிறது.

ஐந்து மகள்மார் உள்ள ஒருவர் ஐந்து வீடு கேட்கிறார். இடையில் ஆடு கட்ட இடம் விட்டு.

இரண்டு வீடுகளில் அபுல் ஹஸனுக்கு ஒரே மகளைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வீட்டில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. "உங்கள எங்கயோ கண்டீக்கிறேனே." ஜெமீலாதான். பல் இல்லாத வாயால் சொல்லியிருக்கிறாள்: "அது என்ட மத்த உம்மாட ஊடு." கூலி இரண்டு டொஃபியாம்.

ஒரு தையல்காரருக்குப் பிள்ளையே இல்லை. மனைவிக்கு ஏழு மாதம். "வயித்தில இரிக்கிறது மகள்தான்" என்று குழுவின் முன் நின்றார்.

"எப்பிடித் தெரியும்?" என்றார் முதலாளி.

"அவக்குப் புளி கண்ணிலயும் காட்ட ஏலா."

குழுவில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். புளி பிடிக்காவிட்டால் பெண்தான். எழுதிக்கொண்டார்கள். கொடுக்க இருந்த கடைசி வீடு அது.

பிறகு ஸாலிஹாவின் பெயர் வந்தது.

"நாலும் ஆம்பிளப் புள்ளைகள்தானே" என்றார் முதலாளி. கெட்ட எண்ணத்தோடு அல்ல. "வளந்து எங்கயும் போய் ஏறிக்குவானுகள்."

"அவ?" என்றேன்.

"மகன்மாரோட இரிக்கட்டும்."

"மகன்மார் மருமகள்மார்ட ஊட்டதானே இரிப்பாங்க?"

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். மருமகள் வீட்டில் போய்க் குடியிருக்கும் மாமியாரை இந்த ஊரில் யாரும் கண்டதில்லை. அவர்களுக்கும் தெரியும். தேத்தண்ணி வந்தது. குடித்தார்கள். கூட்டம் முடிந்தது.

அவளைப் பட்டியலிலிருந்து வெட்டியது என் கேள்வி. நான் சோடா குடித்த கேள்வி. பிறக்காத பிள்ளைக்கு வீடு, பிறந்து நாற்பது வருடமானவளுக்கு இல்லை.

ஊர் வழக்கம் தெரியாமல் கேட்டபோது மாடி வீட்டுக்காரர் வீடற்றவரானார். தெரிந்து கேட்டபோது ஸாலிஹா இல்லாமற்போனாள். எது மோசம்?

24 ஜனவரி

சொன்னேன். ஸாலிஹா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"பொம்புளப் புள்ள வேணாமெண்டா நான் இருந்தன் மிஸ்? நாலு தரம் பாத்தன். ஒவ்வொரு தரமும் இவனுகள்தான் வந்தானுகள்."

இரண்டாவது மகன் சொன்னான்: "உம்மா, வேணுமெண்டா நான் பாவாட உடுக்கன்."

அவன் தலையில் ஒரு குட்டு. பிறகு அவனையே கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்தாள்.

"வேணாம்" என்றேன்.

"இல்ல மிஸ், சும்மா பாத்த."

சேலைக்கு அப்பால் மாஸ்டரின் குரல் நின்றிருந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

"உங்களுக்கு ஊடு இரிக்கி, மாப்பிள இல்ல" என்றாள். "எனக்கு ரெண்டும் இல்ல. நாம ரெண்டு பேரும் பெரிய ஆக்கள்தான்." சிரித்தாள். சோற்றுப் பானையைத் துணியால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த கிழம நான் இதுகளக் கூட்டிக்கிட்டு எங்ககா போற?"

மிஸ் என்று சொல்லவில்லை.

26 ஜனவரி, வெள்ளி

யோசித்தேன். கழுவும்போது, தின்னும்போது, உம்மா திட்டும்போது.

வீடு யாருடையது என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. மனைவியுடையது, மகளுடையது, வயிற்றில் இருப்பவளுடையது. கதையை விடுவோம். உடம்பைக் கேட்போம். உடம்பு ஒவ்வொரு இரவும் ஏதோ ஓரிடத்தில்தான் கிடக்கிறது.

"நேற்று இரவு எங்கே படுத்தீர்கள்?"

இவ்வளவுதான் கேள்வி. அதோடு, அந்த இடத்தில் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும், நெருக்கம் தெரிய.

அபுல் ஹஸனிடம் சொன்னேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நான் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

27 ஜனவரி

நடந்தது இது. அவரும் சொன்னார், றாபியாவும் சொன்னாள், தெருவே சொன்னது. மூன்று கதைகளும் ஒத்துப்போகின்றன.

றாபியா அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். வாங்க ஆட்கள் நின்றார்கள். அபுல் ஹஸன் வேலிக்கு வெளியே நின்று — நாகரிகமானவர், உள்ளே போகமாட்டார் — எல்லோருக்கும் கேட்கும் குரலில் கேட்டிருக்கிறார்:

"றாபியா ராத்தா, நேத்து ராவு எங்க படுத்த நீங்க?"

தெரு அப்படியே நின்றதாம்.

அவள் வாயைத் திறக்காததைக் கண்டு, கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து, இரண்டாவதையும் கேட்டிருக்கிறார்.

"எத்தின பேரோட?"

அகப்பை பறந்தது. நெற்றியில் பட்டது. அவர் குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்து, இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டியிருக்கிறார். அவள் வாங்கி, மறுபடியும் எறிந்திருக்கிறாள்.

இப்போது கந்தோரில் இரண்டு பேருக்கு நெற்றியில் வீக்கம்.

சிறுவர்கள் அவருக்கு ஏற்கனவே "ஈக்கா சேர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்றிலிருந்து "எத்தின பேரோட சேர்".

உம்மா: "இதுக்கா உன்னப் பேராதனைக்கு அனுப்பின?"

28 ஜனவரி, ஞாயிறு

றாபியாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அடுப்படியில் பலகை போட்டு உட்கார வைத்தாள். அப்பம் ஒன்று தின்றேன். இரண்டாவதைத் தின்னும்போது கேட்டேன்.

"ராவையில எங்க ராத்தா படுக்கிற?"

"எங்க படுக்கிற? இந்தக் குசினிக்கதான். மழ வந்தா மேசைக்குக் கீழ நானும் மகளும். அவர் கடையில."

அதே கேள்வி. அகப்பை கையிலேயே இருந்தது.

கேள்வி மட்டும் போதாது. யார் கேட்கிறார், எங்கே இருந்து கேட்கிறார், அவர் வாயில் அப்பம் இருக்கிறதா — இதையெல்லாம் எந்த விரிவுரையிலும் சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பார்கள், நான் யன்னலால் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

பிறகு றாபியா என்னோடு வந்தாள். வீடு வீடாகப் போனோம். வீடு இல்லாதவர்களிடமும். கவிழ்த்த வள்ளத்துக்குக் கீழே ஒரு குடும்பம். ஆலையின் சாக்குக் கிடங்கில் ஒன்று. தையல்காரர் வீட்டுக்கும் போனோம். மனைவி சிரித்துக்கொண்டு சொன்னாள்: "என்ட உம்மாட ஊட்டதான், மேல் அறையில. காத்து நல்லா வரும்."

கடைசியாக, வழியில் முதலாளி. அவரையும் கேட்டேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே.

"கட்டில்ல" என்றார். "காத்துக்குப் பேன் போட்டு."

சொன்ன பிறகு தன் குரல் தனக்கே கேட்டது போல நின்றார். தொப்பியைக் கழற்றி ஊதினார், மீண்டும் போட்டார்.

"என்னப் பட்டியல்ல இருந்து கழிச்சிருங்க புள்ள."

30 ஜனவரி, செவ்வாய்

குழு. முதலில் ஏச்சு. "படுக்கை விசாரணை" என்று ஊரில் பெயராம். இனிப் பெண்களைப் பெண்களே கேட்பது என்று முடிவு. அபுல் ஹஸன் எழுந்து நின்று ஏற்றுக்கொண்டார், நெற்றியில் கை வைத்துக்கொண்டு.

பிறகு முதலாளி சொன்னார்: "கேள்வி சரி. நானும் பதில் சொன்னவன்தான். ஆனா ஊடு மகளுக்குத்தான். அது ஊர் வழக்கம். அத மாத்த நான் ஆள் இல்ல."

ஸாலிஹா வாசலில் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. வகுப்பறைச் சேலையைக் கழற்றி முக்காடு போட்டு வந்திருந்தாள். அவ்வளவு நேரமும் மூன்றாம் வகுப்புக்குத் திரை இல்லை.

"மகளுக்குத்தான் ஊடு எண்டு சொன்னீங்களாம் காக்கா." முதலாளியை அண்ணன் முறையில் விளித்தாள்.

"ஓம்" என்றார் முதலாளி.

"நானும் ஒராள்ட மகள்தானே."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஆர்ட மகள்?" என்றார் ஒரு பெரியவர், கேட்க வேண்டுமே என்பதற்காக.

"உதுமாலெவ்வைட."

"அவர் மவுத்தாகி எவ்வளவு காலம்."

"வாப்பா மவுத்தாப் போனா மகள் இல்லாமப் பெய்த்திருவாளா? அப்ப உங்கட மகள்மாரும் உங்களுக்குப் பொறகு இல்லையா?"

பெரியவருக்கு ஆறு மகள்மார்.

"தந்த ஊட்டக் கடல் எடுத்திட்டு" என்றாள். "தந்தவர் இல்ல. மறுகா ஆரு தாற? ஊர்தான் வழக்கமெண்டு சொல்லுதே, அப்ப ஊர்தான் எனக்கு வாப்பா."

முதலாளி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடிப் பாத்தா எல்லாப் பொம்புளையும் மகள்தான்" என்றார் மெதுவாக.

"ஓம் சேர்" என்றார் அபுல் ஹஸன். "அது மாத்தளையிலயும் அப்பிடித்தான்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மேசை முழுக்க.

சரி, மூத்த மகன் காலிதீனின் பெயரில் எழுதுவோம் என்று ஒருவர் சொன்னார், ஆண் தலை ஒன்று இருக்கட்டும் என்று.

"அவன் மகளா?" என்றாள் ஸாலிஹா.

அவளுடைய பெயரிலேயே எழுதினார்கள்.

எந்த வீட்டை? தையல்காரருக்கு எழுதியிருந்த வீட்டை. அவர் வாசலில் நின்று, அது பெண்தான், புளியைக் கண்டால் இன்னும் ஓடுகிறாள் என்றார்.

"பொறக்கட்டும்" என்றார் முதலாளி. "மறுகா கதைப்பம்."

1 பெப்ரவரி, வியாழன்

கல்வி அதிகாரி வந்தார். வீடு கட்ட மாதங்கள் ஆகும். ஸாலிஹா இன்னும் சேலைக்குப் பின்னால். மூச்சுக் காட்ட வேண்டாம் என்று அதிபர் கெஞ்சியிருந்தார். கோழியைக் காலிதீன் சாரனுக்குள் மறைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டான்.

அதிகாரி பிள்ளைகளைக் கேட்டார்: "ஒன்பதேழு?"

அமைதி. மாஸ்டர் கண்ணை மூடினார்.

"அறுவத்திமூண்டு."

அதிகாரி சேலையைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். "அங்க இருக்கிற பிள்ளை கெட்டிக்காரி."

"புதுப்பிள்ளை சேர்" என்றார் மாஸ்டர். "கொஞ்சம் கூச்சம்."

எனக்கு இதைச் சொல்லும்போது புண்ணியமூர்த்தி மாஸ்டர் சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். ஆனால் பின்னேரம் அதிபர் சொன்னதுதான் கடைசிச் சொல். நாளைக்குக் காலி.

2 பெப்ரவரி

வீடு எழுதியாயிற்று. வீடு இல்லை. இடையில் இருக்கும் மாதங்களுக்கு எந்தக் குழுவிலும் கேள்வி இல்லை.

எனக்கு நான்கு சுவர்கள் இருக்கின்றன.

ஸாலிஹாவை அங்கே இருக்க விடுவோம் என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா இடியப்ப உரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சீதன ஊட்ட வேற ஆக்கள ஏத்துறதா? மாப்பிள ஊட்டுக்காரர் என்ன சொல்லுவாங்க?"

"எந்த மாப்பிள ஊட்டுக்காரர்?"

"வரப்போற ஆக்கள்."

"வந்தா கேக்கட்டும்."

"அது என்ட காசில கட்டின சுவர்."

"என்ட பேர்ல இரிக்கி உம்மா."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. விவாத மேடையில் நின்று கத்தியவள் சொல்லக் கூடாத வாக்கியம். சொன்னேன். உம்மா இடியப்பம் பிழியத் தொடங்கினார். எனக்கு வைக்கவில்லை.

கந்தோர்த் தறப்பாளை அபுல் ஹஸன் என் சுவர்களுக்குக் கூரையாகக் கட்டினார். டை இல்லாமல். நான்கு பையன்களும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். மழைக்கு முன் முடிந்தது.

11 பெப்ரவரி

உம்மா பேசவில்லை. ஆனால் அந்தப் பக்கம் சட்டி நிறையக் குழம்பு போகிறது. "மிஞ்சினது" என்கிறார். எங்கள் வீட்டில் குழம்பு மிஞ்சியதே கிடையாது.

4 மார்ச்

உம்மாவும் ஸாலிஹாவும் சண்டை. கோழி யார் வளவில் முட்டையிட்டது என்று. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏசினார்கள், காரணம் தெரியவில்லை.

26 மார்ச்

தையல்காரர் வீட்டில் ஆண் பிள்ளை. முதலாளி சர்க்கரை அனுப்பினாராம்.

9 ஏப்ரல்

உம்மா: "அதுகள் போனா அந்த ஊடு பேயடிச்ச மாதிரி கிடக்கும்."

இந்த மாதிரிச் சமயங்களில் பேசாமல் இருக்க இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

21 ஏப்ரல், சனி

ஸாலிஹாவின் வீடு முடிந்தது. கடலிலிருந்து தள்ளி. ஓர் அறை, குசினி, தகரக் கூரை, பச்சைக் கதவு. உறுதியில் "உதுமாலெவ்வையின் மகள் ஸாலிஹா" என்று இருக்கிறது.

காலையில் நானும் அபுல் ஹஸனும் பார்க்கப் போனோம். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"ஆரது?"

யன்னல் திறந்திருந்தது. அவளுக்கு எங்களைத் தெரிகிறது. எங்களுக்கும் அவளைத் தெரிகிறது.

"நான்தான், லைலா."

"எந்த லைலா?"

"சித்தி லைலா. புயல் வீடமைப்புக் கந்தோர்" என்றேன், பதிவுப் பெயரோடு.

"கூட ஆரு?"

அபுல் ஹஸன் முழுப் பெயரையும் பதவியையும் மாத்தளை விலாசத்தையும் சொன்னார்.

"என்ன விசயம்?"

"ஊடு பாக்க வந்த."

"கொஞ்சம் நில்லுங்க. வேலையா இரிக்கன்."

நின்றோம். வெயில் ஏறியது. ஒரு வேலையும் இல்லை. அறையின் நடுவில், இடுப்பில் கை வைத்து, உள்ளேயிருந்து கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். அபுல் ஹஸன் மறுபடி தட்டக் கையை எடுத்தார். பிடித்துக்கொண்டேன்.

பிறகு திறந்தாள். "வாங்க, வாங்க, வெயில்ல நிக்கிறீங்க" என்றாள், நாங்கள் இப்போதுதான் வந்தவர்கள் போல. தேத்தண்ணி தந்தாள். மகன்மாரின் பாய்கள் சுருட்டிச் சுவரோடு இருந்தன. யாரும் வீட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. சீனி விலை கதைத்தோம்.

வெளியே வந்து நடக்கும்போது பின்னால் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள். திறக்கும் சத்தம். திரும்பவும் சாத்தும் சத்தம்.

"கதவில ஏதும் பிழையா மிஸ்?" என்றார் அபுல் ஹஸன்.

"இல்ல" என்றேன்.

சந்தியில் நற்பிட்டிமுனைக்கு பஸ் ஏறினோம். அங்கே பாடசாலையில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். உள்ளே போய்ப் பெண்களிடம் அதே கேள்வியை நான் கேட்டேன். அவர் குடையோடு றோட்டில் நின்றார்.